வாளையாரில் நிற்கும் பிஆர்: உங்கள் ஆபீஸ் பாஷையைக் கொட்டுங்கள்

கொழிஞ்சாம்பாறை_கோடர்
வியாழன், இரவு 9.10

எங்கள் டீமில் போன மாதம் ஒரு பெண் சேர்ந்தார். சென்னைக்காரர். மூன்றாம் நாள் ஸ்டாண்டப்பில், அதாவது தினசரி நின்றபடி நடத்தும் சின்ன மீட்டிங்கில், நான் வழக்கம்போல, "என் பிஆர் திங்கட்கிழமையில் இருந்து வாளையாரிலேயே நிற்குது" என்றேன். பிஆர் என்றால் புல் ரிக்வெஸ்ட், எழுதிய கோடு மாற்றத்தைச் சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர அனுப்புவது. எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மட்டும் மீட்டிங் முடிந்ததும் தனியாக வந்து, "வாளையாரில் நமக்கு இன்னொரு ஆபீஸ் இருக்கா?" என்று கேட்டார்.

நான் கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்கு பைக்கில் போய் வருகிறவன். ஆபீஸில் பாதிப் பேர் பாலக்காடு பக்கம், மீதிப் பேர் கோவை. எங்களுக்கு வாளையார் என்றால் கோடு ரிவ்யூ வரிசை. ஜிஎஸ்டிக்கு முந்தைய காலத்தில் கேரள எல்லையில் இருந்த வாளையார் வரிச்சாவடியில் லாரிகள் நின்ற நிலையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் ஸ்டவ்வைப் பற்றவைத்து, சோறு வடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, துவைத்த லுங்கி காய்ந்து எடுத்துக் கட்டிக்கொள்ளும் வரை வண்டி அதே இடத்தில் நிற்கும். எங்கள் பிஆர்களும் அப்படித்தான்.

இதில் கிளை வார்த்தைகளும் உண்டு. இரண்டு ஃபைல் மாற்றம் என்றால் ஆறு வீல். இருபது ஃபைல் என்றால் பத்து வீல். அறுபது ஃபைலை ஒரே பிஆரில் ஏற்றி வருகிறவரை "டாரஸ் வந்துட்டான்" என்போம். ரிவ்யூ செய்பவருக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து நகர்த்துவதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பொதுவில் எழுத மாட்டேன்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, வரிச்சாவடி போனது. புதிதாக வந்த பெண் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்திருப்பார். ஆனால் சொல் மட்டும் எங்கள் ஆபீஸில் குடியேறிவிட்டது.

உங்கள் ஆபீஸில் என்ன பாஷை? ஒரே நிபந்தனை: நிஜமாகவே வாயில் புழங்குவதாக இருக்க வேண்டும். கூகிளில் தேடி அள்ளிக் கொட்ட வேண்டாம்.

நாஞ்சில்_பாசஞ்சர்
வியாழன், இரவு 9.34

மக்கா, நல்ல இழை. நான் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய் வருகிற கூட்டம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பக்கத்து சீட்டுப் பையன் போனை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "எனிக்கு நல்ல பணி கிட்டி" என்றான். பணி கிடைத்தால் சந்தோஷம்தானே? நான் எழுந்து போய்க் கை கொடுத்தேன். "வாழ்த்துகள். எப்போ ஜாயினிங்? சம்பளம் எவ்வளவு?" என்றும் கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை. மலையாளத்தில் பணி கிட்டுவது என்றால் வசமாக மாட்டிக்கொள்வது. அவன் டெஸ்ட் டேட்டாபேஸ் என்று நினைத்து லைவில் ஒரு டேபிளைக் காலி செய்திருந்தான்.

அதற்கப்புறம் எங்கள் டீமில் சிவியாரிட்டி எல்லாம் இந்தக் கணக்குத்தான். சின்ன விஷயம் என்றால் "பணி". இரவு வீட்டுக்குப் போக முடியாது என்றால் "நல்ல பணி". கிளையண்டே போன் பண்ணிவிட்டார் என்றால் "எட்டின்டெ பணி". எட்டு ஏன் என்று கேட்காதீர்கள், மலையாளிகளுக்கே அதில் ஆளுக்கொரு விளக்கம்.

மீனாட்சிபுரம்_டெஸ்டர்
வியாழன், இரவு 9.58

பணி கிட்டியவருக்கே கை கொடுத்த மனிதரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். சரி, இதைக் கேளுங்கள்.

எங்கள் டெக் லீடு திருச்சூர்க்காரர். ரிவ்யூ கமெண்ட் எல்லாம் ஆங்கில எழுத்தில் மலையாளமாக அடிப்பார். பொள்ளாச்சியில் இருந்து வந்த ஃபிரெஷர் பையன் ஒருவன் முதல் பிஆர் போட்டான். லீடு பார்த்துவிட்டு "இது மதி" என்று அடித்தார். மலையாளத்தில் இதுவே போதும் என்று அர்த்தம். பையன் ஆங்கில எழுத்தில் இருந்ததை "இது மாத்தி" என்று படித்திருக்கிறான். மாற்றச் சொல்கிறார் போல என்று ராத்திரி உட்கார்ந்து முழு ஃபங்ஷனையும் மாற்றி எழுதினான். காலையில் லீடு பார்த்தார். இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுபடி "இது மதி". பையன் மறுபடி மாற்றினான். நான்காவது தடவை லீடு "மதிடா, மதி, மதி" என்று மூன்று முறை போட்டதும் பையன் என்னிடம் வந்து கண் கலங்கி நின்றான். "அக்கா, என்ன பண்ணினாலும் மாத்து மாத்துன்னே சொல்றாரு."

நான்கு வெர்ஷனில் முதலாவதுதான் நன்றாக இருந்தது. தேவையில்லாமல் திரும்ப எழுதும் வேலைக்கு எங்கள் ஆபீஸில் "மதி பண்றது" என்று பெயர்.

புலவர்_மகன்
வியாழன், இரவு 10.15

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் பிஆர், ரிவ்யூ, டேபிள், கிளையண்ட், இதில் தமிழ் எங்கே இருக்கிறது? பக் என்பதற்கு வழு என்று நல்ல சொல் இருக்கிறதே. யாராவது வாயில் சொல்கிறோமா?

மீனாட்சிபுரம்_டெஸ்டர்
வியாழன், இரவு 10.17

நான் டெஸ்டர். தினமும் இருபது வழு கண்டுபிடிக்கிறேன். "வழு இருக்கு" என்று டெவலப்பரிடம் சொன்னால் வழுக்கி விழுந்துட்டீங்களா என்கிறார்.

செங்கோட்டை_செர்வர்
வியாழன், இரவு 10.40

எங்களுடையது "வெள்ளம்".

நான் ஆபரேஷன்ஸ். செங்கோட்டைக்காரன், வேலை கேரளத்தில். ஒரு ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செக்யூரிட்டி சேட்டன் குரூப்பில் ஒரு வரி போட்டார்: "செர்வர் ரூமில் வெள்ளம்." 2018 ஆகஸ்ட் கழிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த மழையைப் பார்த்தவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கையைக்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்து, எல்லா சர்வீசையும் வேறு டேட்டா சென்டருக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினேன். இரண்டு பேரைத் தூக்கத்தில் இருந்து எழுப்பினேன். மேனேஜரிடம் "முதல் ரேக் போயிருக்கும் சார்" என்றும் சொல்லியாயிற்று.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். வெறும் தண்ணீர். குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். ஏசியில் இருந்து சொட்டி, தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தேங்கியிருந்தது. சேட்டன் போட்டோ அனுப்பினார். அதற்குள் பக்கத்தில் ஒரு மாப்பையும் சாய்த்து வைத்திருந்தார்.

பொய் அலெர்ட்டுக்கு இப்போது எங்கள் ஊர் முழுக்க அந்தப் பெயர்தான். டிஸ்க் 90 சதவீதம் என்று அலெர்ட் வரும், போய்ப் பார்த்தால் பழைய லாக் ஃபைல். "வெள்ளமா? வெள்ளம்தான், தூங்கு."

80_பத்தி
வெள்ளி, காலை 6.05

இளைஞர்களுக்கு வணக்கம். பணி ஓய்வு பெற்றவன், அதிகாலையில் எழுந்துவிடுவேன்.

முதல் பதிவில் ஒரு விஷயம் பிடித்தது. சாவடி போய்விட்டது, சொல் நிற்கிறது. நம் தொழிலில் பாதிச் சொற்கள் அப்படித்தான். பேட்ச் என்கிறீர்களே, அது நிஜமான ஒட்டு. துளையிட்ட காகித நாடாவில் தப்பான இடத்தை வெட்டியோ மூடியோ, மேலே சரியான துண்டை ஒட்டுவார்கள். சைக்கிள் ட்யூப் பஞ்சர் மாதிரி. நாடா போயிற்று, ஒட்டு இருக்கிறது.

பக் கதை எல்லோருக்கும் தெரியும். 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டின் மார்க் 2 இயந்திரம், எஃப் பேனல், 70-வது ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி. அதை லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, பூச்சி நிஜமாகவே கிடைத்த முதல் சம்பவம் என்று எழுதி வைத்தார்கள். அந்த வரியில்தான் நகைச்சுவை இருக்கிறது. பக் என்ற சொல் அதற்கு முன்பே இருந்ததால்தானே "நிஜமாகவே" என்று எழுத முடிந்தது? எடிசன் 1878-லேயே கடிதத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். பூச்சியில் இருந்து சொல் வந்தது என்று இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நான் மில் ஒன்றின் கணக்குப் பிரிவில் பஞ்ச் கார்டு காலத்தில் இருந்தவன். ஒரு கார்டில் 80 பத்தி. புரோகிராம் என்பது ஒரு கட்டு. ஒருநாள் படிக்கட்டில் அறுநூறு கார்டு கட்டு கையைவிட்டு நழுவியது. அடுக்கின் மேல் விளிம்பில் மார்க்கர் பேனாவால் குறுக்காகச் சாய்கோடு போட்டு வைப்போம். கலைந்தால் கோடு சேரும்படி அடுக்கினால் போதும். நான் அன்று கோடு போடவில்லை. எங்கள் பிரிவில் பேக்கப் எடுக்காமல் வேலை செய்கிறவனுக்குக் "கோடு போடாதவன்" என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அடியேன்.

புத்தூர்_பேட்ச்
வெள்ளி, காலை 8.20

பெரியவர் ஒட்டு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் ஐடியைப் பாருங்கள்.

சென்னையில் இருந்து திருத்தணி, நகரி தாண்டித் திருப்பதி போகிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு. பச்சிலை அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, மூங்கில் தப்பை வைத்துக் கட்டிவிடுவார்கள். அறுவை கிடையாது, பெட்டில் சேர்க்க மாட்டார்கள், வந்த வண்டியிலேயே திரும்பிப் போகலாம். நான் வீட்டில் இருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். லைவ் சிஸ்டத்தை நிறுத்தாமல், ஓடுகிற ஓட்டத்தில் போடும் ஹாட்ஃபிக்ஸுக்கு எங்கள் டீமில் புத்தூர்க் கட்டு என்று பெயர். நான்தான் வைத்தேன், பெருமையாக இருக்கிறது. "சரியான ஃபிக்ஸ் அடுத்த ஸ்பிரிண்ட்டில், இப்போதைக்கு புத்தூர்க் கட்டு போட்டிருக்கேன்." கட்டு அவிழ்ப்பது யாரும் இல்லை. மூன்று வருடமாக முட்டை வெள்ளைக்கருவில் நிற்கும் மாட்யூல் ஒன்று இருக்கிறது.

தினசரி மீட்டிங்கை நடத்தும் எங்கள் ஸ்க்ரம் மாஸ்டருக்கு "ஜருகண்டி" என்று பெயர். தெலுங்கில் நகருங்கள் என்று அர்த்தம். திருமலையில் அத்தனை மணி நேரம் வரிசையில் நின்று, கடைசியில் பெருமாளைக் கண்ணால் பார்க்கும் கணத்தில் தோளில் கை வைத்துத் தள்ளுவார்களே, அதே வேலை. "நேற்று நான் லாகின் பக்கத்தில்..." என்று ஆரம்பிப்போம். "சரி, அடுத்து." ஜருகண்டி.

அப்புறம், ஆந்திரக் கிராமங்களில் பேய் வராமல் இருக்கக் கதவில் "பெண்ணே, நாளைக்கு வா" என்று தெலுங்கில் எழுதி வைப்பது உண்டு. பேய் தினமும் வந்து, படித்துவிட்டு, சரி நாளைக்கு என்று திரும்பிப் போகுமாம். எங்கள் போர்டில் பேக்லாக், அதாவது பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்த வேலைகளின் பத்திக்குப் பெயர் "நாளைக்கு வா".

கொழிஞ்சாம்பாறை_கோடர்
வெள்ளி, காலை 9.02

"நாளைக்கு வா" இன்றே எங்கள் போர்டில் ஏறுகிறது.

வெள்ளிக்கிழமை என்பதால் ஒன்று. வெள்ளியன்று டெப்லாய் செய்யாதே, அதாவது புதுக் கோடை லைவில் ஏற்றாதே என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். எங்கள் மேனேஜர் அப்படி இல்லை. வெள்ளி தாராளமாகச் செய்யலாம், பத்தரை முதல் பன்னிரண்டு மட்டும் வேண்டாம் என்பார். ராகுகாலம். கோடை லைவில் ஏற்றும் ஜென்கின்ஸ் கருவியில் அதற்கென்றே தடை போட்டிருக்கிறார். நாத்திகம் பேசும் பையன்கூட அதைக் கழற்றத் துணியவில்லை.

நாஞ்சில்_பாசஞ்சர்
வெள்ளி, காலை 9.20

ரயிலில் இருந்து. நேற்று யாரோ வழுக்கி விழுந்தது பற்றிச் சொன்னதும் இது ஞாபகம் வந்தது.

தப்பு கம்ப்யூட்டரில் இல்லை, நாற்காலிக்கும் கீபோர்டுக்கும் இடையில் இருக்கிறது என்று ஒரு பழைய ஜோக் உண்டல்லவா? எங்கள் சப்போர்ட் டீமில் பாதிப் பேர் பாலக்காடு. அவர்கள் அந்த இடைவெளிக்குப் "பாலக்காட்டுக் கணவாய்" என்று பெயர் வைத்தார்கள். மலைத்தொடரே முப்பது கிலோமீட்டர் வாய் பிளந்து கிடக்கிற இடம் அது, காற்று மட்டும் அடிக்கும். யூசர் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு பாஸ்வேர்டு தப்பு என்று டிக்கெட் எழுப்பினால், மூடும்போது காரணத்தில் "கணவாய்".

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் கணவாய் என்றால் மீன். குளச்சலில் இருந்து வந்த பெண் ஒருத்தி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வாரம் குழம்பியிருக்கிறாள்.

மீனாட்சிபுரம்_டெஸ்டர்
வெள்ளி, காலை 11.15

நாமே சிரித்துக்கொண்டிருக்கிறோம், அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. எங்கள் யூஐ பையன் மீட்டிங்கில், "ஸ்க்ரீன் பழசா இருக்கு, பட்டி டிங்கரிங் பார்த்துடலாம்" என்றான். லேத்துப் பட்டறை, கார் ஷெட்டில் எல்லாம் சொல்வதுதான். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். லீடு அரை நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, "நாயை எதற்கு டிங்கரிங் செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

வாத்துப் பொம்மை விஷயம் தெரியுமா? பக்கத்தில் ரப்பர் வாத்து வைத்து அதனிடம் கோடை வரி வரியாக விளக்கினால் தப்பு தானாகத் தெரிந்துவிடும் என்பார்கள். எங்கள் ஆபீஸில் வாத்துக்குப் பதிலாக யாரோ தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏசி காற்றுக்கு, நாம் எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று ஆடுகிறது. அதை நம்பி இரண்டு பேர் லைவில் ஏற்றினார்கள். திறந்துகூடப் பார்க்காமல் அப்ரூவ் கொடுக்கும் ரிவ்யூவருக்கு இப்போது "தஞ்சாவூர்" என்று பெயர்.

கொழிஞ்சாம்பாறை_கோடர்
வெள்ளி, மதியம் 1.30

எங்கள் வாளையாரில் நாலு தஞ்சாவூர் இருந்தால் நான் பிழைத்துக்கொள்வேன்.

"பம்பர்" பற்றி யாரும் எழுதவில்லையே? எத்தனை பேர் மேல் பஸ் ஏறினால் புராஜெக்ட் நின்றுபோகும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், பஸ் ஃபேக்டர். ஒருவரிடம் மட்டும் எல்லா விவரமும் இருந்தால் எண் ஒன்று, ஆபத்து. எங்கள் ஆபீஸ் அம்மா ஒருவர், "நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?" என்று திட்டியதில் அது லாட்டரி ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே போய்விட்டது, கேரளத்தில் 1967-ல் அரசே ஆரம்பித்தது இன்றும் ஓடுகிறது. அதனால் சாயங்காலம் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லையைத் தாண்டிப் போவதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. 2023-ல் ஓணம் பம்பர் 25 கோடி விழுந்த சீட்டு வாளையாரில் விற்றது, வாங்கியது தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து. அந்த வாரம் எங்கள் மேனேஜர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேமென்ட் மாட்யூல் தெரிந்த ஒரே ஆள் வாராவாரம் சீட்டு எடுப்பவர். ஒரு நாள் லேட்டாக வந்தால்கூட, "பம்பரா?" என்று வாட்ஸப்பில் கேட்பார்கள்.

டாகுமெண்ட் எழுதி வையுங்கள் என்று இரண்டு வருடம் கெஞ்சி நடக்காதது, அந்த வாரம் நடந்தது.

80_பத்தி
வெள்ளி, மாலை 4.10

கல்யாண வீட்டில் கடன் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாயசம் அடையா பருப்பா என்பதில் இரண்டு மணி நேரம் சண்டை நடக்கும். பார்க்கின்சன் 1957-ல் இதைத்தான் எழுதினார்: அணு உலைக்கு நிமிடத்தில் ஒப்புதல், சைக்கிள் கொட்டகைக்கு முடிவில்லாத விவாதம். உங்கள் ஆபீஸ்களில் இதற்குப் பெயர் இல்லையா?

செங்கோட்டை_செர்வர்
வெள்ளி, மாலை 4.25

இருக்கிறது ஐயா. "பிரதமன் மீட்டிங்". அடப்பிரதமன்தான். பட்டன் பச்சையா நீலமா என்று போன வாரம் ஒன்று நடந்தது. ஒருவர் வீட்டுக்குப் போன் பண்ணி "பிரதமன் மீட்டிங், வர லேட்டாகும்" என்றதும், அவர் மாமியார் தெருவெல்லாம் மாப்பிள்ளை டெல்லி போயிருப்பதாகச் சொல்லிவிட்டார்.

மீனாட்சிபுரம்_டெஸ்டர்
வெள்ளி, இரவு 8.45

இப்போது என்னுடைய பெரிய கதை. "யட்சி".

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகா பக்கம் ஒரு பால் சங்கத்துக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். பாலை அளந்து, கொழுப்பு பார்த்து, சீட்டு அடிக்கும். ஒரு மாதம் கழித்துப் புகார்: சில பேருடைய காலைப் பால் முந்தின நாள் கணக்கில் ஏறுகிறது. எல்லோருக்கும் இல்லை. எல்லா நாளும் ஒரே ஆட்களுக்கும் இல்லை. டெவலப்பர் பார்த்தார், என் மெஷினில் சரியாக ஓடுகிறது என்று மூடினார். நான் பார்த்தேன், எனக்கும் சரியாகவே வந்தது. மறுபடி திறந்தார்கள். மறுபடி மூடினோம். இரவில் மட்டும் வரும், நாம் போய்ப் பார்த்தால் இருக்காது என்பதால் யட்சி என்று பெயர் வந்துவிட்டது. பாலை மரத்தடியில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறவள், விடிந்தால் காணாமல் போகிறவள்.

கடைசியில் சங்கத்துக்கே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். விடியற்காலை நாலே முக்காலுக்கு அப்பா பைக்கில் கொண்டுபோய் விட்டார். ட்யூப்லைட் வெளிச்சம், ஈரத் தரை, அலுமினியக் கேன்கள். முதலில் ஒரு பாட்டி நாலரை லிட்டர் ஊற்றினார். சீட்டு வந்தது. தேதி நேற்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது, யட்சியை நேரில் பார்த்தாயிற்று. அடுத்தவர், அவருக்கும் நேற்று. வரிசையில் பன்னிரண்டு பேருக்கும் நேற்று. பதின்மூன்றாவது ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக வந்து ஊற்றினார். அவருக்கு இன்றைய தேதி. சுவரில் மணி ஐந்து முப்பத்திரண்டு.

ஐந்தரை. இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு இப்போதே புரிந்திருக்கும். செர்வர் நேரம் யூடிசி, உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நமக்கு நள்ளிரவு தாண்டினாலும் காலை ஐந்தரை வரை செர்வருக்கு நேற்றுதான். நேரத்தை மாற்றாமல் தேதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஆபீஸில் பத்து மணிக்கு டெஸ்ட் செய்கிறவர்கள் கண்ணில் அது எந்த ஜென்மத்திலும் படாது.

பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு, மெஷின் தப்பு என்று விளக்கினேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு இன்னிக்குத்தானே தீனி வச்சேன்" என்றார்.

80_பத்தி
வெள்ளி, இரவு 9.20

பார்த்தால் மறைந்துபோகும் தப்புக்கு ஹைசன்பக் என்று பெயர் உண்டு. ஜிம் கிரே 1985-ல் டாண்டம் கம்பெனியில் இருந்தபோது எழுதிய அறிக்கையில் வருகிறது. ஓட்டத்தில் இருக்கும் சிஸ்டத்தில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான், மறுபடி முயன்றால் சரியாகிவிடும் என்பது அவர் வாதம். நீங்கள் எல்லாம் ரீஸ்டார்ட் செய்து பிழைப்பதற்கு அதுதான் வேதம்.

ஆனால் அம்மா, உங்கள் யட்சி அந்த வகை இல்லை. மணி அடித்தாற்போல் தினமும் வந்திருக்கிறாள். நீங்கள்தான் தூங்கியிருக்கிறீர்கள்.

மீனாட்சிபுரம்_டெஸ்டர்
வெள்ளி, இரவு 9.22

ஏற்றுக்கொள்கிறேன். கணவாய்.

புலவர்_மகன்
சனி, காலை 10.30

நேற்று ராத்திரி இந்த இழையை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வாழ்நாள் முழுக்க எல்லைப்புறப் பள்ளிகளில் தமிழ் நடத்தியவர். பணி, வெள்ளம், மதி மூன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். வழுக்கி விழுந்தீர்களா என்ற இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் நன்னூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். வழு ஏழு: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. "உங்க தொழிலுக்கென்றே பவணந்தி எழுதி வச்சிருக்கான்டா" என்றார். வினா வழு என்றால் கேள்வியே தப்பு. ஒரே ஒரு விரலை நீட்டி, இது சிறியதா பெரியதா என்று கேட்பது. எதோடு ஒப்பிட்டு? எங்கள் கிளையண்ட் "சைட் வேகமா இருக்கணும்" என்று மட்டும் எழுதி அனுப்பியது எனக்கு ஞாபகம் வந்தது. ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்றும் யானை மேய்ப்பவனை இடையன் என்றும் சொன்னால் மரபு வழு. டேட்டாபேஸ் பார்க்கிறவனிடம் லோகோ வரையச் சொல்வது இந்தக் கணக்கில் வரும். இருபது வருடப் பழைய கோடில் இருக்கும் தப்பையும் மரபு வழு என்றே சொல்லலாம், அது என் சேர்க்கை.

பால் சங்கக் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எல்லோரும் பால் வழுன்னு நினைச்சிருக்காங்க. அது கால வழு."

இன்னொன்றும் இருக்கிறது. வழுதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி இலக்கணமே ஏற்றுக்கொண்டால் அதற்கு வழுவமைதி என்று பெயர். பசு வருவதைப் பார்த்து அன்பு மிகுதியால் "என் அம்மை வந்தாள்" என்றால் திணை தப்பு. ஆனால் உவப்பினால் வந்ததால் ஏற்றுக்கொள்ளப்படும். இது பக் இல்லை, ஃபீச்சர் என்று சாதிக்கிறீர்களே, அதற்கு நூற்றாண்டுகளாக நம்மிடம் ஒரு சொல் சும்மா கிடக்கிறது.

நாஞ்சில்_பாசஞ்சர்
சனி, காலை 10.41

மக்கா! அப்பாவுக்கு ஒரு ஐடி போட்டுக் கொடும்.

புத்தூர்_பேட்ச்
சனி, காலை 11.05

மூன்று வருடமாக முட்டை வெள்ளைக்கருவில் நிற்கும் என் மாட்யூல் இன்று முதல் வழுவமைதி. மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.

மீனாட்சிபுரம்_டெஸ்டர்
சனி, காலை 11.12

இதைத்தான் பயந்தேன். இனி நான் எழுப்பும் எல்லா டிக்கெட்டையும் வழுவமைதி என்று மூடுவார்கள். புலவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், டெவலப்பர் சோம்பேறித்தனம் அந்தக் காரணங்களில் வருமா?

புலவர்_மகன்
சனி, மதியம் 12.20

கேட்டேன். "வராது, அந்தப் பெண் சொல்வது சரி" என்றார். உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு, இவைதான் கணக்காம்.

செங்கோட்டை_செர்வர்
சனி, மதியம் 12.31

இழிப்பு இருக்கிறதா? அப்படியென்றால் எங்கள் லாகின் மாட்யூல் முழுக்கத் தகுதி பெறும்.

கொழிஞ்சாம்பாறை_கோடர்
திங்கள், இரவு 9.50

இன்று ரிலீஸ். நோட்ஸில் வழக்கமாகத் "தெரிந்த குறைகள்" என்று ஒரு தலைப்பு போடுவோம். நான் அதை அழித்துவிட்டு "வழுவமைதி" என்று போட்டு, கீழே ஆறு ஐட்டத்தை அடுக்கி அனுப்பினேன். பிஆர் வாளையாரில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. தஞ்சாவூர் ஒருத்தர் சிக்கினார்.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். "வழுவமைதி, நல்ல பேரா இருக்கே. புது மாட்யூலா?" என்றார். வாய் தவறி ஆமாம் என்றுவிட்டேன். கிளையண்டுக்கும் பெயர் பிடித்துப் போயிற்றாம். வியாழக்கிழமை டெமோ வேண்டுமாம்.

நாஞ்சில்_பாசஞ்சர்
திங்கள், இரவு 9.52

வாழ்த்துகள் மக்கா. நல்ல பணி கிட்டி.